வெள்ளை மணி ஏன் பழுப்பாகிறது?

பாலிமர் க்ளேயில் வீட்டிலேயே நகை செய்கிறவர்களிடம், 'எந்த நிறம் ரொம்பக் கஷ்டம்?' என்று கேட்டுப் பாருங்கள். சிவப்பு என்றோ பச்சை என்றோ சொல்ல மாட்டார்கள். 'வெள்ளை' என்பார்கள். அதற்கு அடுத்து, கண்ணாடி மாதிரி லேசாக ஒளி விடும் 'டிரான்ஸ்லூசன்ட்' என்பார்கள். சிவப்பு மணி அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வெந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. வெள்ளை அப்படியில்லை. கையில் இருந்த மஞ்சள், உடுத்தியிருந்த நைட்டியின் நூல், மின் அடுப்பில் ஏறிய கூடுதல் சூடு என எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும்.

திருச்சியில் தில்லைநகரை ஒட்டிய ஒரு தெருவில், இந்த வெள்ளையோடு ஏழு வருடங்களாகப் போராடி வருகிறார் ஒரு பெண். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மணி' அக்கா. அது அவர் பெயரல்ல, அவர் செய்யும் மணிகளால் வந்த பட்டம். மகள் யு.கே.ஜி படிக்கும்போது பள்ளி விழாவுக்காக ஒரு ஜோடி பூத்தோடு செய்து கொடுத்தார். அதைப் பார்த்த மற்ற அம்மாக்கள் கேட்க, அப்படியே தொழிலாகிவிட்டது. இன்றைக்கு மகளின் டியூஷன் ஃபீஸும் வீட்டின் மளிகை பில்லில் பாதியும் இந்த மணிகளிலிருந்துதான் வருகின்றன. அதனால், ஒரு தட்டு மணி நிறம் மாறிப் போனால் அவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு கெட்டுப்போன வருத்தம் இல்லை, மாதச் செலவில் விழும் துண்டு.

பெயரில் மட்டும்தான் களிமண்

பாலிமர் க்ளே என்ற பெயரில் களிமண் இருந்தாலும், பொருள் உண்மையில் களிமண் அல்ல. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய தூள்தான் இதன் அடிப்படை. அதை மாவு மாதிரி மிருதுவாக்க, 'பிளாஸ்டிசைசர்' என்ற எண்ணெய்த்தன்மையுள்ள திரவம் சேர்க்கிறார்கள். கூடவே நிறமிகள். டெரகோட்டா மண் காய்ந்து, சூளையில் சுட்டு இறுகும். இது காய்வதே இல்லை. குறிப்பிட்ட சூட்டில் வைக்கும்போது தூள்கள் ஒன்றோடு ஒன்று இணைந்து கெட்டியாகிவிடும்.

இது ஜெர்மனியில் பொம்மை செய்யும் வீட்டில் பிறந்த பொருள். கேத்தே க்ரூஸ் என்ற புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளரின் மகள் சோஃபி, தன் கைவேலைக்காக இதை வளர்த்தெடுத்தார். 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அவரிடமிருந்து வாங்கி, 'ஃபிமோ' என்ற பெயரில் உலகம் முழுக்கக் கொண்டு போனது. அமெரிக்காவிலிருந்து வருவது 'ஸ்கல்பி'. நம் ஊர் கைவினைக் கடைகளிலும் ஆன்லைனிலும் இவை இரண்டும் கிடைக்கின்றன. வேறு பிராண்டுகளும் நிறைய வந்துவிட்டன.

மணி ஏன் பழுப்பாகிறது என்பதற்கான விடை இந்த பி.வி.சி-யில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பி.வி.சி சிதையத் தொடங்கும். அதன் மூலக்கூறுகளிலிருந்து குளோரின், ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்து வெளியேறும். அப்படிப் பிரிந்த இடங்களில் மூலக்கூறின் அமைப்பு மாறும். அந்த மாற்றம்தான் நம் கண்ணுக்கு முதலில் இளமஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும், கடைசியில் கருகலாகவும் தெரிகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் மெதுவாக.

ஒட்டியது, ஊறியது, வெந்தது

நிறம் மாறிய மணியைக் கையில் எடுத்ததும் மணி அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. 'இது ஒட்டினதா, ஊறினதா, வெந்ததா?'

தூசி, நூல், கைரேகை அழுக்கு, வேறு நிறக் க்ளேயின் துகள் எல்லாம் மேலே ஒட்டியவை. மஞ்சள், மருதாணி, செண்ட், தலைக்கு வைத்த எண்ணெய் போன்றவை மேற்பரப்பில் ஊறியவை. கூடுதல் சூட்டில் பொருளே மாறிப்போனது வெந்தது. ஒட்டியதை எடுத்துவிடலாம். ஊறியதைப் பெரும்பாலும் குறைக்கலாம். வெந்ததைத் திரும்ப வெள்ளையாக்க உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. பழுத்த தோலைத் தேய்த்து எடுக்கலாம், அல்லது மூடி மறைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் வெந்த மணியை சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பிளீச்சிங் போட்டு, டூத் பேஸ்ட் தேய்த்து நேரத்தை வீணடிக்கிறார்கள்.

மஞ்சள் பூசிய கையில் வெள்ளை வேண்டாம்

நம் வீடுகளில் வெள்ளைக் க்ளேக்கு முதல் எதிரி சமையலறைதான். காலையில் சாம்பாருக்கு மஞ்சள்தூள் போட்ட விரலின் நக இடுக்கில் அது மாலை வரை இருக்கும். கையைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். வெள்ளையைப் பிசைந்த இரண்டாவது நிமிடம் இளமஞ்சள் கோடு ஓடும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் மணி அக்காவுக்கு உண்டு. அதனால் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை வெள்ளை கிடையாது; அன்றைக்குச் சிவப்பும் பச்சையும்தான்.

மற்ற நாட்களில் வேலைக்கு முன் அவர் செய்வது இதுதான். உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, நக இடுக்கு வரை நன்றாகத் தேய்க்கிறார். பழைய க்ளேயின் பிசுக்கும் மஞ்சளும் எண்ணெயில் இளகி வரும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, கையை முழுசாகக் காயவிடுகிறார். ஈரக்கையோடு தொட்டால் இன்னொரு தொல்லை உண்டு. டிரான்ஸ்லூசன்ட் க்ளேக்குள் ஈரம் போனால், வெந்த பிறகு உள்ளே பிறை பிறையாக வெள்ளைத் திட்டுகள் தெரியும். வியர்க்கும் கைக்காரர்கள் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது உடை. கறுப்பு, சிவப்பு நிறத்தில் நூல் உதிரும் துணி கூடாது. வெள்ளை வேலைக்கென்றே அவர் ஒரு வெளுத்த காட்டன் சுடிதாரை வைத்திருக்கிறார். வேலை நேரத்தில் மின்விசிறி கிடையாது. திருச்சி வெயிலில் அது பெரிய தண்டனைதான். ஆனால், விசிறி இறக்கையின் மேல் இருக்கும் தூசியெல்லாம் வந்து உட்காரும் இடம் அந்த வெள்ளை உருண்டையாகத்தான் இருக்கும்.

செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் வெள்ளை, பிறகு டிரான்ஸ்லூசன்ட், மஞ்சள், ரோஸ், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. கோலப்பொடி விற்பவர் வெள்ளை மாவைத் தனியாக வைப்பது போல, வெள்ளைக்கென்று தனி டைல், தனி உருளை, தனி பிளேடு. வழவழப்பான தரை டைல் ஒன்று வேலைப் பலகையாகப் போதும். ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். க்ளேயைத் தகடாக்க பாஸ்தா மெஷின் வைத்திருப்பவர்கள், வெள்ளையை ஓட்டும் முன் அதன் அடியில் இருக்கும் தகடுகளையும் பஞ்சால் துடைக்க வேண்டும். போன வாரத்துச் சிவப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எடுத்து வைக்கும் டப்பாவிலும் கவனம் வேண்டும். கெட்டியான, கண்ணாடி போன்ற சில பிளாஸ்டிக் டப்பாக்களில் வேகாத க்ளேயை வைத்தால், அதிலுள்ள பிளாஸ்டிசைசர் டப்பாவையே இளக்கிவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பா பாதுகாப்பானது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் உரசியபடி மாதக்கணக்கில் கிடந்தால், சிவப்பு வெள்ளையை விட்டுவைக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் பரணில் வைத்தால் க்ளே பாதி வெந்து, பிசையும்போது உதிரும். ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படிந்துவிடும்.

வேகும் முன்பே தூசி ஒட்டிவிட்டால்? பயப்பட வேண்டாம். மெல்லிய ஊசி நுனியால் நூலை எடுத்துவிடலாம். மருந்துக் கடையில் 'ஆல்கஹால் ஸ்வாப்' என்று சின்னச் சின்ன உறையில் விற்பார்கள். அல்லது ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுகுடையும் பஞ்சு போதும். அதனால் மணியின் மேல் மென்மையாகத் துடைத்தால் கைரேகையும் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். அழுக்கை எடுக்க இதைவிடச் சுலபமான கட்டம் வேறு இல்லை. வெந்த பிறகு இதே தூசிக்கு அரைமணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒரு ஆவணி மாத ஆர்டர்

இவ்வளவு கவனமாக இருப்பவருக்கும் ஒருமுறை அடி விழுந்தது. ஆவணி முகூர்த்த நேரம். கரூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மல்லிகை மொட்டு செட் கேட்டிருந்தார். கழுத்துக்கு, காதுக்கு, கூடவே உறவுப் பெண்களுக்குக் கொடுக்க 60 ஹேர்பின். மொத்தம் 4,800 ரூபாய். 2,000 ரூபாய் முன்பணமும் வந்துவிட்டது. 'நல்ல வெள்ளையா இருக்கணும்மா, பொண்ணு வெள்ளைப் பட்டுதான் கட்டப்போறா' என்று இரண்டு முறை சொல்லியிருந்தார்.

நிறைய வேலை இருக்கிறதே என்று மணி அக்கா அந்த மாதம்தான் கொஞ்சம் பெரிய ஓ.டி.ஜி ஒன்றை வாங்கியிருந்தார். மொட்டுகள் அத்தனையையும் ஒரே தடவையில் அடுக்கி, பழைய அடுப்பில் வைக்கும் அதே எண்ணில் குமிழைத் திருகிவிட்டார். அரைமணி நேரம் கழித்துத் திறந்தபோது மேல்தட்டு மொட்டுகளெல்லாம் பிஸ்கெட் நிறம்.

எழுபது வயது மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு மொட்டை எடுத்துப் பார்த்தார். "அவங்க பச்சரிசி வெள்ளை கேட்டாங்க. நீ புழுங்கலரிசி வெள்ளையில்ல செஞ்சிருக்கே" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் ஆறுதலாக, "விடுங்கண்ணி. ஐவரி கலருன்னு சொல்லி அனுப்பிடுங்க. போட்டோல யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அனுப்பியிருக்கலாம். நிச்சயத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அந்த அம்மாவும் வேறு வழியில்லாமல் வாங்கியிருப்பார். ஆனால், வெள்ளைப் பட்டுக்குப் பக்கத்தில் அந்த மொட்டு எப்படித் தெரியும் என்பது மணி அக்காவுக்குத் தெரியும். தனியாகப் பார்த்தால் ஐவரி. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அழுக்கு.

மறுநாள் பகல் 11 மணி வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாள் மேல் அந்த மொட்டுகளை வைத்துப் படம் எடுத்தார். 'டீச்சர், நீங்க கேட்ட வெள்ளை வரலை. தாளுக்குப் பக்கத்துல வச்சு எடுத்திருக்கேன், பாருங்க. வேண்டாம்னா பணத்தைத் திருப்பி அனுப்பிடுறேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு நீல டிக் உடனே வந்தது. பதில் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை.

பிறகு போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை நிச்சயம். அதுக்குள்ள வெள்ளையா வருமா?"

"முழுசா வராது டீச்சர். கழுத்துக்கும் காதுக்கும் வரும். பின் முடியாது."

"அப்ப பொண்ணுக்கு மட்டும் செஞ்சுடுங்க. பின்னுக்கு நான் நிஜ மல்லிகையே வாங்கிக்கிறேன்."

பின்னுக்கான பணம் கணக்கில் கழிந்தது. மூன்று இரவு விழித்து மீண்டும் செய்த செட் சனிக்கிழமை காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் நிற்கவில்லை. அதே ஆசிரியை தை மாதக் கல்யாணத்துக்குத் திரும்ப ஆர்டர் கொடுத்தார். இந்த முறை, 'உங்க அடுப்பு எப்படி இருக்கு?' என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

குமிழ் சொல்வதை நம்பாதீர்கள்

அடுப்பில் என்ன நடந்தது? மணி அக்கா 300, 400 ரூபாய்க்குள் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தார். குமிழ் 130-ல் இருந்தது. மேல்தட்டில் முள் 160-ஐத் தாண்டி நின்றது. ஓ.டி.ஜி-யில் கம்பி விட்டுவிட்டு எரியும். எரியும் நேரத்தில் சூடு மேலே போகும், அணையும் நேரத்தில் கீழே வரும். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மணி, காற்றின் சூட்டோடு கம்பியின் நேரடி அனலையும் வாங்கிக்கொள்ளும். தோசைக்கல்லில் நடுவில் முறுகி ஓரத்தில் வேகாமல் நிற்பது போலத்தான் இதுவும்.

எந்த க்ளேயானாலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்தான் வேதம். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். ஸ்கல்பிக்கு 275 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 135 டிகிரி செல்சியஸ். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 15 நிமிடம் என்று கணக்கு. ஒரு பிராண்டின் சூட்டில் இன்னொன்றை வைத்தால் ஒன்று கருகும், அல்லது வேகாமல் நாளைக்கு உடையும். பழுப்பாகிவிடுமே என்ற பயத்தில் சூட்டைக் குறைத்து எடுப்பவர்களும் உண்டு. நிறம் அழகாக இருக்கும், ஆனால் கோக்கும்போதே மணி பிளந்துகொள்ளும். குறைப்பது தீர்வல்ல, சரியான சூட்டை ஏறாமல் இறங்காமல் வைப்பதுதான் தீர்வு.

அதற்கு மணி அக்கா இப்போது கடைப்பிடிக்கும் முறை இது:

- மணி இல்லாமல் அடுப்பை 15, 20 நிமிடம் சூடாக்கி, தெர்மாமீட்டரில் முள் நிலையாக நின்ற பிறகே தட்டை வைக்கிறார். சூடேறும் ஆரம்ப நிமிடங்களில்தான் கம்பி தொடர்ந்து எரியும்.

- தட்டை நடு அடுக்கில் வைக்கிறார். மேலும் கீழும் கம்பியிலிருந்து சம தூரம்.

- தட்டின் மேல் அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம் மாதிரி மூடுகிறார். ஃபாயில் மணியைத் தொடக் கூடாது. நேரடி அனலை இது தடுத்துவிடும். பழுப்பாவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

- இரும்புத் தட்டில் நேராக வைப்பதில்லை. ஒரு டைல், அதன் மேல் பட்டர் பேப்பர். உருண்டை மணிகளை விசிறி மாதிரி மடித்த தாளின் பள்ளங்களில் அடுக்கலாம், அல்லது மூங்கில் குச்சியில் கோத்து வைக்கலாம். மொட்டு, இதழ் போன்றவற்றை கார்ன்ஃப்ளார் மாவுப் படுக்கையில் வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகாது. வெந்த பிறகு மாவைக் கழுவிவிடலாம்.

- புது அடுப்பு, புது பாக்கெட், புது நிறம் எதுவானாலும் முதலில் இரண்டே மணி வைத்து வெள்ளோட்டம்.

டிரான்ஸ்லூசன்ட் க்ளே வெள்ளையைவிடச் சீக்கிரம் பழுக்கும். இரண்டையும் கலந்தால் அந்தக் கலவையும் அப்படித்தான். இதற்கு அவருடைய மாமியாரின் துணி துவைக்கும் கல்லிலிருந்தே ஒரு வழி கிடைத்தது. வெள்ளை வேட்டி மஞ்சளடிக்காமல் இருக்க சொட்டு நீலம் போடுகிறோம் அல்லவா? அதே கணக்குதான். எலுமிச்சை அளவு டிரான்ஸ்லூசன்ட்டுக்குக் கடுகில் பாதி அளவு நீல அல்லது ஊதா க்ளே சேர்த்துப் பிசைந்தால், வெந்த பிறகு வரும் மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியாது. கடுகு மிளகானால் மணி நீலமாகிவிடும். துணிக்குப் போடும் நீலத்தை இதில் விடக் கூடாது. க்ளேயைத்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அடுப்பிலிருந்து காரமான நெடி வந்தால் க்ளே கருகுகிறது என்று அர்த்தம். வெளியேறுவது மூக்கையும் கண்ணையும் எரிக்கும் அமிலப் புகை. உடனே சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும். ஆறும் வரை அடுப்பைத் திறக்க வேண்டாம். மைக்ரோவேவில் வைத்துப் பார்க்கும் விஷப்பரீட்சையும் வேண்டாம். க்ளேக்குப் பயன்படுத்தும் தட்டு, கத்தி, உருளை எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

பழுத்த மணியை என்ன செய்வது?

பழுத்துவிட்டதே என்று குப்பையில் போடும் முன் ஒரு மணியைப் பலி கொடுங்கள். பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பழுப்பு மேல்தோலில் மட்டும் இருந்து உள்ளே வெள்ளையாக இருந்தால், தேய்த்து எடுத்துவிடலாம். நடு வரை பழுத்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை.

தேய்க்க, ஹார்டுவேர் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் எமரித் தாள் போதும். 400-ல் ஆரம்பித்து 600, 800, 1000 என்று போக வேண்டும். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மணியைத் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்தால் தூள் பறக்காது; நம் மூக்குக்குள்ளும் போகாது. கடைசியாகப் பழைய ஜீன்ஸ் துணியில் உரசினால் மெல்லிய பளபளப்பு வரும். உள்ளே பதிந்த தூசிப் புள்ளிகளும் இதிலேயே போய்விடும்.

உருண்டை மணிக்கு இது சரி. இதழும் மடிப்பும் உள்ள மொட்டுக்கு எமரித் தாள் உள்ளே போகாது. அந்த ஆவணி மாதத்தில் மல்லிகை மொட்டுகளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அப்படிப்பட்டவற்றுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பாலிமர் க்ளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் சரியான சூட்டில் திரும்ப வேக வைக்கலாம். பழுத்த மணியின் மேல் மெல்லிய புது வெள்ளைத் தகட்டைப் போர்த்தி மறுபடி வைக்கலாம். அக்ரிலிக் பெயின்ட் அடிக்கலாம். அல்லது பழுப்போடு சண்டை போடாமல், பள்ளங்களில் அடர் பழுப்பு அக்ரிலிக்கைத் தடவி மேலே துடைத்துவிட்டால், பழங்காலத் தந்த மணி போன்ற தோற்றம் வரும். மணி அக்கா அந்த மொட்டுகளைப் பிறகு அப்படித்தான் மாற்றினார். ஐவரி கேட்டவர்களுக்கு ஐவரி என்றே சொல்லி விற்றார்.

வெந்த மணியில் மஞ்சள்தூள் கறை பட்டுவிட்டால் உடனே சோப்பைத் தொடாதீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்து குங்குமமாகிறதே, அதே போல சோப்பின் காரம் பட்டாலும் கறை சிவக்கும். பார்த்ததும் திக்கென்றிருக்கும். முதலில் ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். மஞ்சளின் நிறம் ஆல்கஹாலில் கரையும். மிச்சம் இருந்தால் சில மணி நேரம் வெயிலில் வைக்கலாம். வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பது போல இதுவும் வெளுக்கும். அதற்காக நாள் கணக்கில் வெயிலில் விட்டுவிடக் கூடாது. மஞ்சளை எடுக்கும் அதே வெயில், விட்டால் மணியையே மஞ்சளாக்கும்.

எட்டு மாதம் கழித்து வரும் மஞ்சள்

சில மணிகள் விற்கும்போது பால் போல இருக்கும். மாதங்கள் போன பிறகுதான் முகம் மாறும். மணி அக்காவின் ஆரம்ப நாட்களில், எட்டு மாதம் அணிந்த ஒரு மாலை திரும்பி வந்தது. மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுத்தது. காரணம், பளபளப்புக்காக மேலே பூசிய நெயில் பாலிஷ். அதிலுள்ள கரைப்பான் மணியின் மேற்பரப்பை இளக்கிவிடும். பாலிஷும் நாளடைவில் மஞ்சளாகும். அவர் வாதாடவில்லை, புது மாலை செய்து கொடுத்தார். அன்றிலிருந்து தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ் மட்டும்தான், அதுவும் மெல்லிய பூச்சாக இரண்டு முறை. ஸ்பிரே வார்னிஷ்களில் பலவும் இதே பிசுபிசுப்பைத் தரும் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய மணிக்கு வார்னிஷே தேவையில்லை என்பது அவர் கண்ட இன்னொரு உண்மை.

கோக்கும் பொருளிலும் கவனம் வேண்டும். சாயம் போகும் கறுப்புக் கயிறு வியர்வையில் நனைந்தால் மணியின் துளையைச் சுற்றி வளையம் விழும். முலாம் பூசாத செம்புக் கம்பி பச்சைக் கறை தரும். கயிற்றை வாங்கியதும் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டால் முதல் பிரச்னை தீர்ந்தது.

அணிபவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பவுடர், செண்ட், எண்ணெய் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக மாலையை அணிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். மென்மையான பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், மாதம் ஒருமுறை கழுவி நிழலில் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஜன்னலோரம் மாட்டி வைக்காமல் டப்பாவில் வைப்பது நல்லது.

இப்போது மணி அக்கா அனுப்பும் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. எந்தத் தேதியில் வெந்தது, எத்தனை டிகிரி, எப்படிக் கழுவுவது என்று மகளின் கையெழுத்தில் நாலு வரி. எப்போதாவது ஒரு மணி நிறம் மாறித் திரும்பி வந்தால், தன் நோட்டில் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். அட்டையின் கடைசி வரியை மாமியார் சொல்லச் சொல்ல மகள் எழுதினாளாம்: 'இது பிளாஸ்டிக் மணிதான். ஆனா பச்சரிசி வெள்ளை. பார்த்து வச்சுக்கோங்க.'